லூமொன் பெல்ற்: குறைமாதப் பிள்ளையின் நெஞ்சில் ஒரு துணிப்பட்டி

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். குறைமாதப் பிள்ளைகளின் நுரையீரலைக் கவனிக்க வந்த கருவிகளில், வைத்தியரைவிட நேர்ஸின் கைக்கு அதிகம் உதவுவது இந்த லூமொன் பெல்ற்தான். ஆனால் அதன் திரையைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்காத வார்டில் இதை வாங்கிப் பிரயோசனம் இல்லை.

நான் சுவிற்சர்லாந்தில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நேர்ஸாக இருக்கிறேன். இருபத்தைந்து, இருபத்தாறு கிழமையில் பிறந்து, ஒரு கிலோகூட இல்லாத பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். அவர்களின் நெஞ்சில் ஒரு பட்டி கட்டியிருப்பதைக் கண்டு "இது என்ன?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. தமிழில் விளக்கமாக எழுதப்பட்ட ஒன்றும் என் கண்ணில் படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பட்டியின் உள்ளே 32 மின்வாய்கள் இருக்கின்றன. உணரமுடியாத அளவு சிறிய மாறு மின்னோட்டம் ஒன்று, ஒரு சோடி மின்வாய்களுக்கூடாகப் போகிறது. மற்ற மின்வாய்கள் தோலில் எழும் மின்னழுத்தத்தை அளக்கின்றன. பிறகு அடுத்த சோடி, அதற்கடுத்தது என்று ஒரு செக்கனுக்குள்ளேயே பலமுறை நெஞ்சைச் சுற்றி வந்துவிடும். இரத்தமும் தசையும் மின்சாரத்தை விடும், காற்று விடாது. பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும்போது காற்று நிரம்புகிற இடத்தில் மின்மறுப்பு, அதாவது மின்சாரத்துக்கு வரும் தடை, கூடும், வெளியே விடும்போது குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை நெஞ்சின் ஒரு குறுக்குவெட்டாக வரைந்து, அசையும் படமாகத் திரையில் காட்டுகிறது கருவி. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, பிள்ளையைத் தூக்கவும் தேவையில்லை.

இந்த எண்ணம் புதிதல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பார்பர், பிரவுண் என்ற இருவர் 1980களின் தொடக்கத்திலேயே இப்படிப் படம் எடுத்துக் காட்டினார்கள். ஜெர்மனியின் கோட்டிங்கனில் செய்த கருவியோடு இனேஸ் ஃப்ரெரிக்ஸும் அவரோடு வேலைசெய்தவர்களும் அதைத் தீவிர சிகிச்சையில் இருந்த கைக்குழந்தைகள்வரை கொண்டுபோனார்கள். அந்தக் கட்டுரை 2001இல் வந்தது. அந்தக் காலத்தில் பதினாறு ஒட்டு மின்வாய்களைத் தனித்தனியாக நெஞ்சைச் சுற்றி ஒட்டவேண்டும். குறைமாதப் பிள்ளையின் தோலைத் தொட்டுப் பழகியவர்களுக்கு அது என்ன பாடு என்று விளங்கும். பசை நாடாவைக் கழற்றும்போது மேல்தோலும் சேர்ந்து உரிந்துவிடும். தொற்று ஏறுகிற வாசலே அந்த உரிந்த இடம்தான். ஆகவே இந்த முறை இத்தனை வருடம் ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்குள் கிடந்ததற்குக் கணக்குப் போடும் கணினிகள் மட்டும் காரணமல்ல. ஒட்டாமல் தோலோடு இருக்கக்கூடிய ஒரு பட்டி கிடைக்கவில்லை.

அந்தப் பட்டியைச் செய்ததுதான் லூமொனின் பெரிய கெட்டித்தனம் என்று நான் நினைக்கிறேன். சுவிற்சர்லாந்தின் லாண்ட்குவார்ட்டில் இருந்த ஸ்விஸ்ரொம் நிறுவனத்தின் வேலை அது. பிறகு பாசலுக்குப் பக்கத்தில் தெர்வில்லில் இருக்கும் சென்ரெக் அதை வாங்கிக்கொண்டது. தோலுக்கு மேலால் காபனீரொட்சைட்டு அளக்கும் சென்ரெக் உணரியை ஏற்கெனவே பாவிக்கும் வார்டுகளுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. பட்டி துணியால் ஆனது, பசை கிடையாது. மின்வாய்க்கும் தோலுக்கும் நல்ல தொடுகை வர ஒரு திரவம் பூசி, முலைக்காம்பு மட்டத்தில் சுற்றிக் கட்டுகிறோம். பிள்ளையின் நெஞ்சுச் சுற்றளவை அளந்து அதற்கேற்ற அளவில் பட்டி எடுக்கவேண்டும். கண்ணளவில் எடுக்கக்கூடாது. இறுக்கினால் மூச்சுக்கே தடை. தளர்ந்தால் படம் கிழிந்து கிழிந்து வரும்.

கட்டுவதற்கு இரண்டு பேர் வேணும். ஒருவர் மூச்சுக்குப் போட்ட குழாயையும் தலையையும் பிடிக்க, மற்றவர் முதுகுக்குக் கீழாகப் பட்டியைச் செலுத்துவார். எண்ணூறு கிராம் பிள்ளையின் நெஞ்சு என் உள்ளங்கைக்குள் அடங்கும். அதில் ஏற்கெனவே மூன்று ஈசிஜி ஒட்டுக்கள், வெப்ப உணரி, காபனீரொட்சைட்டு உணரி. நாங்கள் ஈசிஜி ஒட்டுக்களைத் தோளுக்கும் வயிற்றுப்பக்கத்துக்கும் நகர்த்திவிட்டுத்தான் பட்டிக்கு இடம் எடுக்கிறோம். இன்னொன்றும் கவனிக்கவேணும். ஈசிஜி மொனிற்றரில் வரும் மூச்சு எண்ணிக்கையும் நெஞ்சின் மின்மறுப்பை அளந்து வருவதுதான். இரண்டும் ஒன்றையொன்று குழப்பக்கூடும். பட்டி கட்டிய பிள்ளையின் மூச்சைக் கண்ணால் எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை நான் விடுவதில்லை.

திரையைப் பற்றிக் கொஞ்சம். படம் காலடியிலிருந்து பார்ப்பதுபோல வரையப்படுகிறது. பிள்ளையின் வலது நுரையீரல் திரையில் இடப்பக்கம் இருக்கும். சீரி ஸ்கான் பார்த்தவர்களுக்கு இது பழக்கம், புதிதாக வரும் நேர்ஸ்மாருக்கு முதல் நாளே சொல்லிவைக்கவேணும். காற்று போய்வரும் இடம் பிரகாசமாகி மங்குகிறது. கீழே ஒரு அலைக்கோடு ஓடும். அந்த அலை மூச்சுவிட்டு முடிக்கும் இடத்தில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை நான் அதிகம் பார்ப்பேன். மூச்சு வெளியே போனபின்னும் நுரையீரலுக்குள் கொஞ்சம் காற்று தங்கவேணும். குறைமாதப் பிள்ளைக்கு அதுதான் தங்காது. காற்றறைகளை ஒட்டவிடாமல் வைக்கும் சேர்பக்ரன்ற் என்ற பொருள் போதாமல் அவை ஒட்டிப்போகும். கோட்டின் அடி இறங்கிக்கொண்டு போனால் நுரையீரல் சுருங்குகிறது என்று அர்த்தம். மூச்சோடு அசையாத பகுதிகளையும் கருவி தனியாகக் கணக்கிட்டுக் காட்டும், அவை படுத்திருக்கும் உடம்பின் கீழ்ப்புறத்தில் இருக்கின்றனவா மேற்புறத்தில் இருக்கின்றனவா என்றும் பிரித்துச் சொல்லும். கீழ்ப்புறம் அசையாமல் கிடந்தால் ஒட்டிப்போயிருக்கலாம். மேற்புறம் அசையாமல் இருந்தால் அழுத்தம் கூடி ஊதிப்போயிருக்கலாம். வென்ரிலேற்றர் அழுத்தத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று வைத்தியர்கள் பேசும்போது இது உதவுகிறது.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது வைத்தியர்களின் பேச்சுக்காக அல்ல, எங்கள் கைவேலைக்காக.

ஒரு இரவு வேலை. குழாய் போட்ட ஒரு பிள்ளையை நானும் கூட வேலைசெய்பவளும் மறுபக்கம் திருப்பிப் படுக்கவைத்தோம். எல்லாம் ஒழுங்கு. ஒட்சிசன் 93, இதயத்துடிப்பு நல்லது, அலாரம் ஒன்றும் இல்லை. திரையில் மட்டும் இடது நுரையீரல் இருந்த பக்கம் மூச்சுக்கு மூச்சு மங்கிக்கொண்டு போனது. இவ்வளவு சிறிய பிள்ளையில் குரல்நாணிலிருந்து மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடம்வரை சில சென்றிமீற்றர்தான். தலை குனிந்து நாடி நெஞ்சோடு சாய்ந்தாலே குழாயின் நுனி கீழிறங்கி வலது கிளைக்குள் போய்விடும். பிறகு காற்று முழுக்க வலது பக்கத்துக்கே. தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி நேராக வைத்தோம். இரண்டு மூன்று மூச்சுக்குள் இடப்பக்கம் திரும்ப வெளிச்சமானது. குழாயின் ஆழத்தை வைத்தியர் வந்து பார்த்து உறுதிப்படுத்தினார். பட்டி இல்லாவிட்டால் ஒட்சிசன் இறங்கி அலாரம் அடித்த பிறகே தேடத் தொடங்கியிருப்போம். ஸ்டெதஸ்கோப்பால் கேட்டாலும் இவ்வளவு சின்ன நெஞ்சில் ஒரு பக்கத்துச் சத்தம் மறுபக்கம் கேட்கும்.

சளி எடுப்பதும் அப்படித்தான். குழாய்க்குள் உறிஞ்சும்போது சளியோடு நுரையீரலுக்குள் இருக்கும் காற்றும் போகிறது என்று எல்லோரும் படித்திருக்கிறோம். படித்ததை அலைக்கோட்டில் பார்ப்பது வேறு. உறிஞ்சு குழாய் உள்ளே போனதும் கோடு கிணற்றுக்குள் விழுவதுபோல விழும். சில பிள்ளைகளில் உடனே ஏறிவிடும், சிலரில் ஏற நேரம் எடுக்கும். கோடு பழைய உயரத்துக்கு வரும்வரை அந்தப் பிள்ளையை வேறு எதற்கும் தொடக்கூடாது என்று எனக்குப் பிடிபட்டது இந்தத் திரையால்தான். எங்கள் பிரிவில் இப்போது மணிக்கூட்டைப் பார்த்துச் சளி எடுப்பதில்லை. தேவை இருந்தால் மட்டும். எடுத்தபின் டயப்பர் மாற்றுவதோ இரத்தம் எடுப்பதோ பிறகு. இந்த ஒரு மாற்றத்துக்காகவே நான் இந்தக் கருவியை மதிக்கிறேன்.

சேர்பக்ரன்ற் மருந்து கொடுக்கும் நேரத்தையும் சொல்லாமல் விடமுடியாது. மெல்லிய குழாயால் மருந்து உள்ளே போகிறது, பிள்ளை சிபாப்பில், அதாவது மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் கருவியில், தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அதுவரை மேற்புறத்தில் மட்டும் அசைந்த படம், முதுகுப்பக்கமாகப் பரவத் தொடங்கும். அலைக்கோட்டின் அடி ஏறும். அம்ஸ்டர்டாமில் மீடெமாவும் வான் காமும் வென்ரிலேற்றரில் இருந்த குறைமாதப் பிள்ளைகளில் இதை அளந்து 2011இல் எழுதினார்கள்: மருந்துக்குப் பிறகு நுரையீரலின் கொள்ளளவு கூடுகிறது, கீழ்ப்புறம் திறக்கிறது. கட்டிலருகே நிற்பவளுக்கு இது இன்னொரு விதத்தில் முக்கியம். நுரையீரல் திறந்தபின்னும் பழைய அழுத்தமே தொடர்ந்தால் ஊதிப்போகும். "டொக்டர், இப்போது குறைக்கலாமா?" என்று கேட்க எனக்குக் கையில் ஒரு ஆதாரம் இருக்கிறது.

பெற்றோருக்கு வருவோம். மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு இளம் தகப்பன், பட்டி கட்டிய அன்று முகம் வெளிறிப்போய் நின்றார்.

"அக்கா, இதுக்குள்ளால கரண்ட் போகுதெண்டு சொன்னவை. பிள்ளைக்கு அடிக்காதோ?"

"அடிக்காது தம்பி. பெரியாக்களுக்கு உடம்புக் கொழுப்பு பார்க்கிற தராசு இருக்கெல்லே, அதிலயும் இப்பிடித்தான் போறது. பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. நித்திரை கொள்ளுறதைப் பாருங்கோ."

"அப்ப எத்தினை நாளைக்குக் கட்டி வைப்பியள்?"

"தேவை முடிஞ்சதும் கழட்டுவம். இடைக்கிடை திறந்து தோலைப் பார்ப்பம். சிவந்திருந்தா அண்டைக்கே கழட்டுவம்."

நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த கிரேடில் என்ற ஆய்வில், அம்ஸ்டர்டாம், பின்லாந்தின் ஊலு, சைப்பிரசின் நிக்கோசியா ஆகிய இடங்களில் 200 பிள்ளைகளுக்கு 72 மணித்தியாலம்வரை இப்படிப்பட்ட துணிப்பட்டியைத் தொடர்ந்து கட்டிப் பார்த்தார்கள். மூச்சுத்திணறலோடு இருந்த பிள்ளைகள் அவர்கள். அத்தனை நேரம் தொடர்ந்து பார்க்கமுடியும் என்று காட்டியது அந்த வேலை.

அந்தத் தகப்பனின் மனைவி பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த பின்னேரம், பட்டியைக் கழற்றவில்லை. கங்காரு பராமரிப்பில் பிள்ளை குப்புறக் கிடக்க, நுரையீரலின் முதுகுப்பக்கம் மேலே வருகிறது. படம் பரந்து, மூச்சு சீராகி, அலைகள் ஒரே உயரத்தில் வரிசையாக வந்தன. எல்லாப் பிள்ளையிலும் இப்படி வரும் என்று சொல்லமாட்டேன். சிலருக்கு வலப்பக்கம் ஒத்துக்கொள்ளும், சிலருக்குக் குப்புற. எந்தப் பிள்ளைக்கு எது என்று ஊகிக்காமல் பார்த்துச் செய்யலாம் என்பதுதான் பெரிய விஷயம். அந்தத் தாய் திரையைப் பார்த்து "இது என்ர பிள்ளையின்ர மூச்சோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அதுவரை பிள்ளையைத் தொடவே பயந்திருந்தவள், அடுத்த நாளிலிருந்து தானே நேரம் கேட்டு வரத் தொடங்கினாள்.

இனிக் குறைகள். இவை பெரும்பாலும் இந்த நிறுவனத்தின் குறைகள் அல்ல, இந்த முறைக்கே உரியவை.

முதலாவது, இது நுரையீரல் முழுவதையும் காட்டாது. பட்டி இருக்கும் மட்டத்தில் சில சென்றிமீற்றர் தடிப்பான ஒரு துண்டைத்தான் காட்டுகிறது. மேல்நுனியில் ஒரு பகுதி ஒட்டிப்போனால் படம் சாதாரணமாகவே இருக்கலாம். பட்டி கொஞ்சம் கீழே வழுகினால் பிரிமென்றகடும் ஈரலும் படத்துக்குள் வந்துவிடும். ஆறுமணிக்கும் எட்டுமணிக்கும் எடுத்த படங்களை ஒப்பிடமுன் பட்டி அசைந்ததா என்று பார்க்கவேணும். இரண்டாவது, இது மாற்றத்தைக் காட்டும் கருவி. அளவை மில்லிலீற்றரில் சொல்லாது, நேற்றைய பிள்ளையையும் இன்றைய பிள்ளையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடமுடியாது. அலைக்கோடு ஏறியது காற்றாலா, உடம்பு திரும்பியதாலா, நெஞ்சின் நீர் குறைந்ததாலா என்று பக்கத்தில் நின்றவருக்குத்தான் தெரியும். அதனால் நான் ஒவ்வொரு திருப்பலையும் சளி எடுப்பையும் நேரத்தோடு குறித்துவைக்கிறேன். குறிப்பு இல்லாத பதிவு விடிய வருகிற வைத்தியருக்கு உதவாது.

மூன்றாவது, நெஞ்சுக்குள் காற்றுக்கசிவு. ஒரு பக்கம் காற்று கசிந்து தேங்கினால் அந்தப் பக்கத்து மின்மறுப்பு ஏறும், மூச்சோடு வரும் அசைவு குறையும். கெதியாகச் சந்தேகம் எழுப்பும் அடையாளம் அது, ஆராய்ச்சிகளிலும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஊதிப்போன நுரையீரலும் கிட்டத்தட்ட அப்படியே தெரியும். சந்தேகம் வந்ததும் நாங்கள் செய்வது பழைய வேலையைத்தான்: அறை விளக்கை அணைத்து, குளிர் ஒளி விளக்கை நெஞ்சில் வைத்துப் பார்ப்பது. காற்று நிறைந்த பக்கம் சிவந்து ஒளிரும். பிறகு எக்ஸ்றே. பட்டி வந்ததால் எக்ஸ்றேயை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதேயுங்கோ. குழாயின் நுனி, கதீற்றர்களின் நுனி, இதயத்தின் அளவு எல்லாம் அதில்தான் தெரியும். நுரையீரல் அல்ட்ராசவுண்டும் நன்றாக வந்துவிட்டது, கதிர்வீச்சும் இல்லை. ஆனால் அது கை வைத்துப் பார்க்கும் கணத்தை மட்டும் சொல்கிறது, ஜெல் பூசப் பிள்ளையின் போர்வையை விலக்கவும் வேணும். பட்டியின் பலம், யாரும் தொடாமல் இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது.

பெரிய கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. இதைக் கட்டிப் பார்த்து வைத்தியம் செய்த பிள்ளைகளுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய் குறைந்தது என்று இன்னும் நிறுவப்படவில்லை. நிறுவப்பட்டிருப்பது, படம் நம்பத்தகுந்தது, தொடர்ந்து பார்க்கலாம், நுரையீரலுக்குள் நடப்பதைப் புதிதாக விளங்கிக்கொள்ளலாம் என்பது. மெல்பேணில் டேவிட் ரிங்கேயின் குழு, பிறந்து முதல் நிமிடங்களிலேயே பட்டி கட்டி, அழுகை நுரையீரலுக்குள் காற்றை எப்படி நிலைநிறுத்துகிறது என்று 2021இல் காட்டியது. அது அறிவு. அந்த அறிவு எப்போது வீடு திரும்பும் பிள்ளைகளின் எண்ணிக்கையாக மாறும் என்பதற்கு இன்னும் பெரிய பரிசோதனைகள் வேணும். இதை மறைத்து விற்பது பாவம்.

பிரிவுகளுக்குச் சொல்லவேண்டியது ஒன்று. பட்டி ஒரு பிள்ளைக்கு ஒன்று, அடுத்தவருக்குப் பாவிக்கமுடியாது. செலவு கருவி வாங்கிய நாளோடு முடியாது. அதைவிடப் பெரிய செலவு பயிற்சி. கருவி வந்த கிழமை எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள், படிப்பிக்க வந்தவர் பகல் வேலைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார், இரவில் நிற்கிறவள் திரையைக் கண்டு பயந்து மூலைக்குத் தள்ளிவிடுவாள். குழாய் இறங்குவதும் பிள்ளையின் நுரையீரல் சுருங்குவதும் இரவிலும்தான் நடக்கும். ஆகவே இரவு அணியிலிருந்து தொடங்கிப் படிப்பியுங்கோ, ஒவ்வொரு அணியிலும் ஒருவராவது திரையைப் படிக்கத் தெரிந்திருக்கட்டும்.

ஊரில் நேர்ஸாக இருக்கும் என் மச்சாள் படத்தைப் பார்த்துவிட்டு, "எங்கட வார்ட்டுக்கும் வந்தா எவ்வளவு நல்லம்" என்றாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஒவ்வொரு கட்டிலுக்கும் சிபாப், ஒட்சிசனையும் காற்றையும் அளந்து கலக்கும் பிளெண்டர், நல்ல ஒட்சிமானி, கை கழுவத் தண்ணீர், தாய் பக்கத்தில் இருக்க ஒரு கதிரை. இவை நிறைவாக இருக்கும் வார்டில்தான் இந்தப் பட்டியைப் பற்றி யோசிக்கவேணும். பிள்ளைகளைக் காப்பாற்றும் என்று நிறுவப்பட்டவை அவை.

கடைசியாக, வீட்டுக்குப் போகும் பெற்றோர் கேட்பது: "இதை வாங்கி வீட்டில் கட்டலாமா?" இல்லை. இது மருத்துவமனைக்குச் செய்த கருவி. வீட்டில் படத்தைப் படிக்க ஆளில்லை, வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு அது தேவையும் இல்லை. விலாவுக்கு இடையில் தோல் உள்ளே இழுபட்டால், மூச்சுவிடும்போது முனகினால், மூக்குச் சிறகு விரிந்தால், உதடு நீலம் பட்டால், பால் குடிக்காமல் சோர்ந்தால் உடனே கொண்டுவாருங்கோ. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவையுங்கோ. வார்டில் குப்புறப் படுக்க வைத்ததைப் பார்த்துவிட்டு வீட்டிலும் அப்படிச் செய்யவேண்டாம். அங்கே மொனிற்றரும் நாங்களும் பக்கத்தில் இருந்தோம்.